மதிப்பிடுபவரிடம் மனம் திறக்க முடியுமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘இளம் பேராசிரியர்களுக்குப் பெரிதும் துணைநிற்பது மூத்தோரின் வழிகாட்டுதலா, சக இளையோரின் தோழமையா?’ என்ற கேள்விக்கு, தோழமையே என்று வாதிட வந்திருக்கிறேன்.

ஆய்வுக்கு வழிகாட்டுபவரும், நிலையான பணிக்கான ‘டென்யூர்’ பரிசீலனையில் நமக்காகப் பேசுபவரும் மூத்தவரே என்றார் எதிரணித் தலைவர். அது உண்மை; என் வாதமும் அங்கிருந்தே தொடங்குகிறது. ஓர் உதவிப் பேராசிரியரின் சில ஆண்டுக் கட்டுரைகளும் கற்பித்தலும் எடைபோடப்பட்டு, வெளி அறிஞர்களின் மதிப்பீட்டுக் கடிதங்களும் வரவழைக்கப்பட்டு, அவர் இருப்பதா போவதா என்று முடிவாகும்போது, துறைக்குள் கருத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே டென்யூர் பெற்றவர்களே. அப்படியிருக்க, “ஐயா, என் ஆய்வு எட்டு மாதமாக நகரவில்லை” என்று அவரிடமே போய்ச் சொல்ல எந்த இளையவருக்குத் துணிவு வரும்? அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், தராசு அவர் கையில் இருக்கிறது.

என் இரண்டாம் ஆண்டில் ஆய்விதழ் ஒன்று என் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. மதிப்பீட்டாளரின் மூன்று பக்கக் குறிப்பில் முதல் பத்தியைத் தாண்ட என்னால் முடியவில்லை. எனக்கு ஓராண்டு முன் சேர்ந்த பக்கத்து அறைத் தோழி, கேண்டீனில் தே-ஓ எனும் பாலில்லாத தேநீர் ஆறிக்கொண்டிருக்க, பென்சிலால் வரிவரியாகக் கோடிட்டு, “இது குறை இல்லை, கேள்வி, இதற்கான தரவு உங்களிடமே இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசிப் பக்கம் முடிந்தபோது உண்மையான குறை என்று ஒன்றுதான் மிஞ்சியது. இரண்டு வாரத்தில் அதைச் சரிசெய்தேன்.

சகாக்கள் போட்டியாளர்கள் அல்லவா என்று கேட்டார்கள். டென்யூரில் ஒவ்வொருவரும் தத்தம் பணிக்காகவே மதிப்பிடப்படுகிறார்கள். அவர் பெற்றால் நான் இழக்க வேண்டும் என்ற கணக்கு அங்கு பொதுவாக இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டு நிபுணர்கள் சிங்கப்பூரில் வேலை செய்வதற்கான அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸில் வந்தவருக்கு வேலை போனால் பாஸும் ரத்தாகும். பொதுவாக 30 நாளுக்குள் பிள்ளையின் பள்ளி, வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு புறப்பட வேண்டும். நெடுங்காலம் முன்பே இங்கு வேரூன்றிவிட்ட மூத்தவர் இந்தப் பயத்தைக் கேட்டு அனுதாபப்படலாம், ஆனால் பக்கத்து அறைக்காரர் இதே பயத்தோடுதான் தினமும் கதவைத் திறக்கிறார்.

அந்தத் தோழியின் பரிசீலனை ஆண்டு வந்தபோது, தன் கோப்பை எந்த மூத்தவருக்கும் காட்டுமுன் அவர் என் மேசைமீது விரித்து வைத்து, “எங்கே பலவீனமாக இருக்கிறது, மறைக்காமல் சொல்லுங்கள்” என்றார். இருட்டும்வரை படித்தோம். நடுவர் அவர்களே, அந்த மேசையை மனத்தில் வைத்துத் தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.