அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு போன்

வணக்கம் நேயர்களே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் டெலிபோன் கம்பி இழுத்தும் பழுது பார்த்தும் தலை நரைத்தவன் நான். "போனில் கரகரவென்று சத்தம் வருது, யாரோ ஒட்டுக் கேட்கிறாங்க" என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் சுவர்ப் பெட்டிக்குள் எறும்பு குடியேறியிருக்கும், இல்லையென்றால் மழை இறங்கிக் கம்பி பச்சை பூத்திருக்கும். ஒட்டுக் கேட்கத் தெரிந்தவன் சத்தம் வரவிடுவானா, சொல்லுங்கள்?

பழைய போனில் பேசும் பக்கத்து மூடியைத் திருகினால் வட்டமான மைக் ஒன்று கையில் வந்து விழும், உள்ளே கரித்தூள். அதே உருவத்தில் ஒட்டுக்கேட்கும் கருவி செய்து மாற்றிப்போட அரை நிமிடம் போதும், அந்தக் காலத்தில் அது பேர்போன தந்திரம். சந்தேகம் வந்தால் அதே மாதிரி இன்னொரு போனையும் திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். (கரகர சத்தத்துக்கு, மைக்கை மேசையில் இரண்டு தட்டுத் தட்டினாலே கரித்தூள் கலைந்து பல நேரம் சரியாகிவிடும்.)

மீட்டர் இருந்தால், போன் சும்மா இருக்கும்போது கம்பியில் ஏறக்குறைய 48 வோல்ட் காட்டும். எடுத்ததும் 10க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். நீங்கள் எடுக்காமலே இறங்கியிருந்தால் அந்தக் கம்பியில் வேறு யாரோ போனைத் தூக்கியிருக்கிறார்கள், அல்லது கம்பியில் பழுது. மணி அடிக்கும்போது மட்டும் கம்பியைத் தொடாதீர்கள், ஷாக் அடிக்கும். நான் ஏணியில் நின்றபடி தொட்டுவிட்டு இறங்கிய வேகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலேயே ஒட்டுக் கேட்டால் வீட்டில் என்ன தேடினாலும் கிடைக்காது. அனுமதியில்லாமல் ஒட்டுக் கேட்பது மலேசியாவின் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் 234ஆம் பிரிவுப்படி குற்றம். ஆனால் தோட்டத்தில் நான் பார்த்த திருட்டுக்கு அவ்வளவு பெரிய ஆள் தேவைப்படவில்லை. ஒரு மளிகைக் கடைக்காரர், தான் போனில் பேசிய விலை மறுநாளே எதிர்க்கடைக்குப் போய்விடுகிறது என்றார். போனைப் பிரித்தேன், ஒன்றுமில்லை. மீட்டரும் 48 காட்டியது. அப்புறம் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டே போனேன், அலமாரிக்குப் பின்னால், தகரக் கூரை ஓரமாக, சுவரைத் துளைத்து, பின்னறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே இன்னொரு போன்! வைத்தவர் கடைக்காரரின் சொந்த மச்சான். நான் மீட்டர் வைத்த நேரம் அவர் அதைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

இப்போது எல்லாரிடமும் கைப்பேசி. *#21# அடித்தால் ஒட்டுக் கேட்பது தெரியும் என்று ஒரு வாட்சப் செய்தி சுற்றுகிறது. தெரியாது. உங்கள் அழைப்பு வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா என்றுதான் அது காட்டும். அதைவிட வாட்சப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் ஒன்று அங்கே இருந்தால், மச்சான் இப்போது அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அதை அழுத்தி வெளியேற்றிவிட்டு, கைப்பேசிப் பூட்டின் எண்ணையும் மாற்றிவிடுங்கள்.