குழந்தைக்கு மொழி எப்படி வருது? – நூலக விழாவில பேசினது

எல்லாருக்கும் வணக்கம். மேடையில வீற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவுல நேரம் ஒதுக்கி வந்திருக்கிற பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எட்டாங்கிளாஸ்ல எனக்கு தமிழ் எடுத்து இன்னைக்கும் என்னை "டேய்"னு கூப்பிடுற உரிமை உள்ள தமிழாசிரியர் ஐயா அவர்களே, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அவர்களே, கூப்பிட்ட உடனே கும்பலா வந்து நிக்கிற அங்கன்வாடி அக்காமாரே, பேர் விட்டுப்போனவங்க பெரிய மனசு பண்ணி பொறுத்துக்கணும். நூலகர் ஐயாவுக்கு மட்டும் தனியா ஒரு நன்றி சொல்லணும், இந்த ஹாலுக்கு ஃபேன் வர்றதுக்கு அவர் எத்தனை ஆபீஸ் படியேறினார்னு எனக்கு தெரியும். பேரூராட்சித் தலைவர் அம்மாகிட்ட ஒரு கோரிக்கை வெச்சிருக்கேன், அதுக்கு கடைசில வர்றேன்.

தலைப்பு குழந்தைக்கு மொழி எப்படி வருதுங்கிறது. மூணு விஷயம் பேசலாம்னு இருக்கேன். ஒண்ணு காது, ரெண்டு கை, மூணாவது, வீட்டுல ரெண்டு மொழி பேசினா புள்ள குழம்பிடுமான்னு நெறைய பேர் கேக்குறீங்களே, அது.

அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமான்னு பெரியவங்க சொல்லுவாங்க. நான் எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்லாம இறங்குறதில்ல. ஆனா மொழி விஷயத்துல அஞ்சே லேட்டுங்க.

கனடாவுல ஜேனட் வெர்க்கர்னு ஒரு ஆராய்ச்சியாளர், 1984-ல ஒரு கட்டுரை போட்டாங்க. இங்கிலீஷ் பேசுற வீட்டுக் குழந்தைங்களுக்கு ஹிந்தில இருக்கிற ரெண்டு சத்தத்தை போட்டுக் காட்டுறாங்க, நம்ம "த"வும் "ட"வும் மாதிரியான சத்தம். சத்தம் மாறினா பக்கத்துல ஒரு பொம்மை லைட் எரிஞ்சு ஆடும், குழந்தை மாற்றத்தை கண்டுபுடிச்சா பொம்மையைப் பாக்க தலையைத் திருப்பும், அதான் டெஸ்ட். ஆறேழு மாசக் குழந்தைங்க பெரும்பாலும் திருப்பிடுச்சுங்க, அதுங்க வீட்டுல அப்படி ரெண்டு சத்தமே கிடையாது, இருந்தும் கண்டுபுடிச்சுதுங்க. ஒரு வயசு நெருங்குறப்ப அந்தத் திறமை பெரும்பாலான குழந்தைங்ககிட்ட இல்ல. அதாவது "அம்மா"ன்னு ஒரு வார்த்தை வாயில வர்றதுக்கு முன்னாடியே, தன் வீட்டு மொழிக்கு எது வேணும் எது வேண்டாம்னு காது முடிவு பண்ணிடுது.

அப்ப காதே கேக்காத குழந்தைக்கு?

எங்க அக்கா பையனைப் பத்தி சொல்றேன். அவன் பொறந்து பத்து மாசம் இருக்கும், தீபாவளி வந்துச்சு. எதுத்த வீட்டுப் பசங்க வாசல்ல அணுகுண்டு வெக்கிறாங்க, ஜன்னல் கண்ணாடி அதிருது, தெரு நாய் எங்க வீட்டுத் திண்ணைக்கு அடியில வந்து பதுங்குது, இவன் தூளியில அசையாம தூங்குறான். எங்க பெரியம்மா "பாத்தியாடி, எவ்ளோ தைரியமான புள்ள"ன்னு சொல்லி அன்னைக்கு ராத்திரியே உப்பு மொளகா சுத்திப் போட்டாங்க. ஒன்றரை வயசாச்சு, பேச்சு வரல. மாமியார் வீட்டுல, அவன் தாத்தாவே மூணு வயசுலதான் பேசினார், ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்னாங்க. வசம்பைச் சுட்டு ஒரசி நாக்குல தடவினாங்க. சீர்காழி பக்கத்துல திருக்கோலக்கா போனோம், சம்பந்தரோட பொற்றாளத்துக்கு ஓசை குடுத்த அம்பாள் கோயில், நானும் போனேன், அந்த அம்பாள் மேல எனக்கு இன்னைக்கும் பக்தி உண்டு. அக்காவுக்கு மட்டும் மனசு ஒப்பல. ஒருநாள் சாயங்காலம் அவன் முதுகுப் பக்கமா நின்னு எவர்சில்வர் தட்டை கரண்டியால தட்டினா. திரும்பிப் பாத்துட்டான்! வீடே அழுதுச்சு, பக்கத்து வீட்டுக்கெல்லாம் சக்கரை குடுத்தாங்க.

அவன் சத்தத்துக்கு திரும்பலங்க. சாயங்கால வெயில்ல அக்கா நிழல் அவன் முன்னாடி சுவத்துல விழுந்திருக்கு, கரண்டி ஆடுறதைப் பாத்துட்டு திரும்பியிருக்கான். அது எங்களுக்குப் புரியறப்ப அவனுக்கு மூணு வயசு தாண்டிடுச்சு. நடுவுல காட்டின ஒரு டாக்டரும் நாலு வயசு வரைக்கும் பாக்கலாம்னுதான் அனுப்பினார். கடைசில, சத்தம் காதுலருந்து மூளைக்குப் போகுதான்னு பாக்குற பெரா டெஸ்ட் எடுத்து, ரெண்டு காதும் கேக்கலைன்னு சொல்லி மெஷின் மாட்டி, கூடவே ஒண்ணு சொன்னாங்க, சைகை காட்டாதீங்க, காட்டினா பேச்சு வராதுன்னு. அவன் தண்ணி கேட்டு கையைத் தூக்கினா அக்கா அந்தக் கையைப் புடிச்சு கீழ இறக்குவா. வாயால கேளுடா கண்ணுன்னு கெஞ்சுவா. அந்தக் கைதாங்க அவனோட நாக்கு, அதைத்தான் புடிச்சு வெச்சோம்.

அந்த அறிவுரை ரொம்பப் பழசு. 1880-ல இத்தாலியில மிலான்ல காதுகேளாதோர் ஆசிரியர்கள் மாநாடு போட்டு, பள்ளிக்கூடத்துல சைகை கூடாது பேச்சுதான்னு தீர்மானம் போட்டாங்க, உலகம் பூரா பரவிடுச்சு. 1960-ல வில்லியம் ஸ்டோக்கோங்கிறவர்தான் அமெரிக்க சைகை மொழிக்கு முறையான அமைப்பு இருக்கு, அது முழு மொழின்னு எழுதிக் காட்டினார். 

இதுக்கெல்லாம் மேல நிகரகுவா. மத்திய அமெரிக்காவுல சின்ன நாடு. 1970-கள் வரைக்கும் அங்க காது கேக்காத குழந்தைங்க அவங்கவங்க வீட்டுக்குள்ளயே இருந்துச்சுங்க, பொதுவா ஒரு சைகை மொழியே கிடையாது. 1977-ல தலைநகர் மனாகுவாவுல சிறப்புப் பள்ளி ஆரம்பிச்சாங்க, 1979 புரட்சிக்கு அப்புறம் இன்னும் விரிவாச்சு, 1983-க்குள்ள 400 பிள்ளைங்க. டீச்சருங்க உதட்டைப் பாத்து ஸ்பானிஷ் படிக்கச் சொன்னாங்க, அது சரியா வரல. ஆனா கிரவுண்டுலயும் ஸ்கூல் பஸ்ஸுலயும் அந்தப் பசங்க வீட்டு சைகையை எல்லாம் ஒண்ணாக் கலந்து அவங்களாவே ஒரு மொழியை உண்டாக்கிட்டாங்க! யாரும் சொல்லித் தரல. டீச்சருங்களுக்கே புரியாம 1986-ல ஜூடி கெக்ல்னு ஒரு அமெரிக்க மொழியியலாளரை கூப்பிட்டுக் காட்டினாங்க.

அப்புறம் ஆன் செங்காஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர், அந்தப் பள்ளியில வளந்தவங்களைப் பத்தி 2004-ல எழுதினாங்க. உருண்டு இறங்குற ஒரு கார்ட்டூன் காட்சியைக் காட்டி, அதைச் சொல்லச் சொல்றாங்க. பள்ளிக்கு முதல்ல வந்து சேந்து இப்ப பெரியவங்களா ஆனவங்க பெரும்பாலும் கையைச் சுத்திக்கிட்டே கீழ இறக்கி ஒரே அசைவா காட்டுறாங்க, நாம காட்டுவோமே அப்படி. பின்னாடி வந்த சின்னப் பசங்க அதிகமா, உருள்றதுக்கு ஒண்ணு, இறங்குறதுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா பிரிச்சு வரிசையா சொல்றாங்க. மொழிக்கு இலக்கணம் கட்டினது அந்தப் பொடிசுங்க. அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா? பத்து வயசுக்கு மேல வந்து சேந்தவங்களுக்கு அந்தச் சரளம் கடைசி வரை வரல.

எங்க அக்கா பையன் ஏழு வயசுல ஹாஸ்டல் ஸ்கூலுக்குப் போய்தான் சைகை கத்துக்கிட்டான். இப்ப நல்ல வேலையில இருக்கான். ஆனா அம்மாவும் புள்ளையும் மனசு விட்டுப் பேசணும்னா இன்னும் நடுவுல ஒரு நோட்டும் பேனாவும் வேணும்.

ரெண்டு மொழி விஷயத்தை இன்னொரு கூட்டத்துல வெச்சுக்கலாம், புள்ள குழம்பாது, தைரியமா பேசுங்க. இப்ப கோரிக்கைக்கு வர்றேன் தலைவர் அம்மா. பொறந்த குழந்தை தூங்குறப்ப காதுல சின்ன ப்ரோப் வெச்சு பாக்குற ஓ.ஏ.ஈ. டெஸ்ட்டுக்கு சில நிமிஷம்தான் ஆகும், வலி கிடையாது. ஒரு மாசத்துக்குள்ள டெஸ்ட், மூணு மாசத்துக்குள்ள உறுதி, ஆறு மாசத்துக்குள்ள சிகிச்சைங்கிறதுதான் டாக்டருங்க வெச்சிருக்கிற கணக்கு. நம்ம ஊர்ல எந்த நர்சிங் ஹோம்ல பிரசவம் ஆனாலும் இந்த டெஸ்ட் ஆச்சான்னு தடுப்பூசி அட்டையில எழுதணும். காது கேக்கலைன்னு தெரிஞ்ச குழந்தையை மாவட்ட ஜி.ஹெச்.ல குழந்தைங்க குறைபாட்டை சீக்கிரமே கண்டுபுடிச்சு கவனிக்கிற டி.ஈ.ஐ.சி. சென்டருக்கு அனுப்பணும். மெஷினோ, ஆபரேஷன் பண்ணி காதுக்குள்ள வெக்கிற காக்ளியர் இம்ப்ளான்டோ கண்டிப்பா போடுங்க, நான் வேண்டாம்னே சொல்லல, அதோட சேத்து சைகை மொழியும் முதல் நாள்லருந்து குடுங்க. டெல்லியில இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மையம் 10,000 சொல்லுக்கு அகராதி வெளியிட்டிருக்கு.

வாசல்ல டேபிள் போட்டு மனு வெச்சிருக்கோம், கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. ஞாயித்துக்கிழமை காலையில 10 மணிக்கு இதே ஹால்ல சைகை மொழி கிளாஸ், சொல்லித் தர்றவருக்கு காது கேக்காது, ஃபீஸ் கிடையாது. அங்கன்வாடி அக்காமாரு அத்தனை பேரும் வரணும், வீட்டுல அப்படிப் புள்ள இருக்கிறவங்க தாத்தா பாட்டியையும் சேத்துக் கூட்டிட்டு வாங்க. அடுத்து தமிழாசிரியர் ஐயா பேசணும், அவர் நேரத்தை நான் எடுத்துக்கக் கூடாது. நன்றி, வணக்கம்.