எழுபது பேர் அடங்குனா தான் செல்லோ கேக்கும்

(கிருஷ்ணகிரியில ஒரு வாசகர் கூட்டத்துல பேசுனது, பேசுன மாதிரியே டைப் பண்ணிருக்கேன்)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. அண்ணன் முதல்லயே சொல்லிட்டாரு, வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பெங்களூர்ல ஆர்கெஸ்ட்ரா கச்சேரி, நுழைவு இலவசம், ஒரு வேன் புடிச்சு கிளம்புறோம். அதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை பேசுன்னாங்க. நான் ரெண்டு வார்த்தையில நிறுத்துற ஆளில்லன்னு உங்களுக்கே தெரியும்.

2025 மார்ச்ல ராஜா சார் லண்டன்ல ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவ வச்சு சிம்பொனி அரங்கேத்துனப்போ இங்க யாரு ஸ்டேட்டஸ் வைக்கல? ஆனா ஒரு சிம்பொனிய முழுசா உக்காந்து கேட்டவங்க கைய தூக்குங்கன்னா... சரி விடுங்க, தூக்க வேணாம்.

ஞாயித்துக்கிழமை மெயின் அயிட்டம் இங்கிலாந்து இசையமைப்பாளர் எல்கர் எழுதுன செல்லோ கான்செர்ட்டோ, அதாவது ஒருத்தர் முன்னால தனியா செல்லோ வாசிக்க (அவரு தான் சோலோ), மொத்த ஆர்கெஸ்ட்ராவும் கூட வாசிக்கிறது. செல்லோ வயலினுக்குப் பெரிய அண்ணன் மாதிரி, உக்காந்து ரெண்டு முழங்காலுக்கு நடுவுல வச்சு வாசிப்பாங்க, அடியில ஒரு கம்பி தரையில ஊணிக்கிட்டு நிக்கும், நாலு தந்தி. குரல் ஆம்பளைங்க பாடுற குரலு மாதிரி கீழ இருக்கும், அங்க தான் சிக்கலே. வயலின் மேல ஏறி எப்படியும் தனியா கேட்டுரும், செல்லோ நிக்கிற எடத்துல ஏற்கனவே ஊதுற ஹார்ன், டிராம்போன், வயலின விட கொஞ்சம் பெருசான வியோலான்னு ஒரு கூட்டமே நிக்குது, எல்லாரும் சேந்து வாசிச்சா சோலோ ஆளோட கை அசையறது தெரியும், சத்தம் வராது. மைக்கும் வைக்க மாட்டாங்க. நம்ம மாரியம்மன் திருவிழா கச்சேரியில பாடுறவர் குரல் கேக்கலன்னா மிக்சர்காரர ஒரு அதட்டு போட்டா முடிஞ்சுது, இங்க அந்த மிக்சர் வேலைய எழுதுறவரே பேப்பர்லயே முடிச்சாகணும்.

எல்கர் அத எப்படி முடிச்சாருன்னு மட்டும் கவனிங்க. ஆரம்பத்துலயே செல்லோ தனியா கனமா சில கார்டு, அதாவது பல சுரம் ஒண்ணா சேந்த ஒலி, போடும், கிளாரினெட் சின்னதா ஒரு பதில் சொல்லும், அப்புறம் வியோலாக்காரங்க மட்டும் எந்த துணையும் இல்லாம மெட்ட எடுப்பாங்க, அத செல்லோ வாங்கிக்கும். மூணு டிராம்போன், ஒரு டியூபா எல்லாம் மேடையில இருக்கும், ஆனா ரொம்ப நேரம் மடியில வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருப்பாங்க. அந்த சும்மா இருக்கறதும் எழுதி வச்சது தான். செல்லோ கீழருந்து ஓடி உச்சியத் தொட்டதும் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் மெட்டப் புடிக்கும், கொஞ்ச நேரத்துல மறுபடி அடங்கிரும். எனக்கு அந்த ஒரு எடத்துக்கே போலாம்.

1919 அக்டோபர் 27, லண்டன்ல இந்த கான்செர்ட்டோவோட முதல் கச்சேரி சொதப்பல். சோலோ ஃபெலிக்ஸ் சால்மண்ட், கண்டக்ட் பண்ணது, அதான் முன்னாடி நின்னு கைய அசைச்சு ஆர்கெஸ்ட்ராவ நடத்துனது, எல்கரே. மத்த அயிட்டங்களுக்கு வேற கண்டக்டர், அவரு ரிகர்சல் நேரத்த தன் பக்கமே இழுத்துக்கிட்டாரு. சத்தமா வாசிக்கிறத பழகாமயே சமாளிச்சிரலாம்ங்க, எழுபது பேரு சேந்து அடக்கி வாசிக்க முடியாது. அன்னிக்கு ஆர்கெஸ்ட்ராவோட செல்லோ வரிசையில உக்காந்திருந்த சின்னப் பையன் பார்பிரோலி, அவரே 1965ல கண்டக்டரா நின்னு ரெக்கார்ட் பண்ணாரு, சோலோ ஜாக்குலின் டு ப்ரே, அப்ப வயசு 20. அந்தம்மா 1973ல மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ்னு ஒரு நரம்பு நோய் வந்து வாசிக்கறத நிறுத்துனாங்க, 1987ல 42 வயசுல போயிட்டாங்க. அந்த ரெக்கார்ட் யூடியூப்ல இருக்கு, தயவு செஞ்சு திரும்பி வந்து கேளுங்க, முன்னாடியே கேட்டீங்கன்னா ஞாயித்துக்கிழமை வாசிக்கிறவர் பாவம்.

இந்த கான்செர்ட்டோ நாலு பகுதி, மொத்தமே அரை மணி நேரம். விடிய விடிய பாரதக் கூத்து பாத்த சனம் நாம, இதுக்கு அசரலாமா? நடுவுல கை தட்ட மாட்டாங்க, தெரியாம தட்டிட்டாலும் ஒண்ணும் குடி முழுகிறாது.

சீட் நம்பர் கெடையாது, முன்னாடி போறவங்களுக்கு முன்னாடி எடம். நமக்கு இடது கைப் பக்கம் பாத்து உக்காருங்க, சோலோ ஆளு பெரும்பாலும் கண்டக்டருக்கு அந்தப் பக்கம் தான் உக்காருவாரு, தந்திக்கு கீழ, வில்லுல தடவுற ரோசின் பவுடர் வெள்ளையா படிஞ்சிருக்கறது கூட தெரியும். அத்திப்பள்ளி டிராஃபிக் இருக்கு, வேன் மத்தியானம் ஒரு மணிக்கே எடுத்துரும். சின்னப் பசங்கள விட்டுட்டு வராதீங்க அக்கா, அழுதா வெளிய தூக்கிட்டுப் போயிருங்க, டிக்கெட் காசு போச்சேன்னு வயித்தெரிச்சல் இல்லல்ல.