பற்றுநோட்டு யார் கையில்?

(நாகர்கோவிலில் நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். 'டிஜிட்டல் யுகமும் நுகர்வோரும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். யுகம் என்று யாராவது சொன்னாலே எனக்குக் கொட்டாவி வந்துவிடும். ஆகவே எங்கள் தெருமுனைப் பலசரக்குக் கடையிலிருந்து தொடங்குகிறேன்.

கடை அண்ணாச்சியிடம் நீளவாக்கில் மடித்த ஒரு பற்றுநோட்டு இருந்தது. எங்கள் வீட்டுக்கு அதில் ஒரு பக்கம். கருப்பட்டி எத்தனை, நல்லெண்ணெய் எவ்வளவு, அப்பாவுக்குச் சம்பளம் பிந்திய மாதம் எது, விருந்தாள் வந்து தங்கிய வாரம் எது, அத்தனையும் அதைப் படித்தால் தெரிந்துவிடும். ஆனால் அந்த நோட்டு கல்லாவுக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்க ஆணியில் தொங்கியது. "எங்கள் பக்கத்தைக் காட்டுங்கள் அண்ணாச்சி" என்றால் காட்டுவார். கூட்டலில் பிழை இருந்தால் சண்டை போடலாம். என் அம்மா போட்டிருக்கிறாள், அவளே ஜெயித்தும் இருக்கிறாள்.

இன்றும் நமக்கு ஒரு பற்றுநோட்டு உண்டு. கைபேசியில் எந்தப் புடவையை எத்தனை முறை திறந்து பார்த்தோம், எந்த விலையைக் கண்டு பின்வாங்கினோம் என்பதெல்லாம் அதில் ஏறுகிறது. வாங்கியது மட்டுமல்ல, வாங்காமல் விட்டதும் கணக்கில் வருகிறது. கண்ணாடிப் பரணிக்குள் நான் ஏக்கத்தோடு பார்த்துவிட்டுப் போன மிட்டாயை அண்ணாச்சி ஒருநாளும் எழுதி வைத்ததில்லை. புதிய நோட்டு எந்த ஆணியில் தொங்குகிறது என்று நமக்குத் தெரியாது. நான் இன்று பேச வந்தது இந்த ஒன்றைப் பற்றித்தான்.

பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தபோது, தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் நடந்த காலத்தில், 1951இல் திருவனந்தபுரத்தில் தினமலர் பிறந்தது. 1956 நவம்பர் 1 அன்று நாம் தமிழகத்தோடு இணைந்தோம். மறு ஆண்டே அந்தப் பத்திரிகையும் திருநெல்வேலிக்கு வந்துவிட்டது. அன்று தேநீர்க்கடைக்கு வந்த ஒரு தாளைப் பத்துப் பேர் பிரித்துப் படித்தார்கள். பத்துப் பேரும் ஒரே செய்தியைப் படித்ததால்தான் அவர்களால் சண்டை போட முடிந்தது. விளம்பரமும் அப்படியே. ஒரு நகைக்கடை பொய் சொன்னால் ஊர் முழுவதும் கேட்க வேண்டியிருந்தது. "சும்மா சொல்கிறான், போகாதே" என்று சொல்ல ஒரு பக்கத்து வீட்டுக்காரர் இருந்தார். இப்போது எனக்கு வரும் விளம்பரம் என் மனைவிக்கு வருவதில்லை. எனக்கு மட்டும் சொல்லப்படும் பொய்யை மறுத்துச் சொல்ல எந்த அண்டை வீட்டார் வருவார்?

பழைய காலம் பொற்காலம் என்று நான் புலம்ப வரவில்லை. 1997க்கும் 2001க்கும் இடையில் வட கேரளக் கடற்கரையில் கைபேசி வந்தது. அதற்கு முன்பு மத்தி பிடித்த படகு எந்தக் கரையில் ஏறுமோ அந்தக் கரையின் விலைதான். அங்கே வாங்க ஆளில்லை என்றால் மீன் மீண்டும் கடலுக்கே போகும். கைபேசி வந்தபின், கடலில் இருந்தபடியே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டுவிட்டுப் படகைத் திருப்பினார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் இதை அளந்து 2007இல் வெளியிட்டார். மீனவரின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குபவர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது, வீணாகும் மீன் அறவே இல்லாமல் போனது. குளச்சலிலும் முட்டத்திலும் ஏலத்தில் நின்று பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே விலை என்ற தகவல் மீனவர் கைக்கு வந்தது. அதனால்தான் லாபமும் வந்தது.

2016இல் யுபிஐ வந்தது. வடசேரி சந்தையில் கீரை விற்கும் அம்மாவின் சில்லறைத் தகராறு அதோடு தீர்ந்தது. பணம் வந்துவிட்டது என்று அவருடைய சின்ன ஒலிப்பெட்டி சத்தம் போட்டுச் சொல்கிறது. எனக்கு அந்தப் பெட்டியைப் பிடிக்கும். இரண்டு பேர் காதிலும் ஒரே தொகைதான் விழுகிறது.

இனி என் மடத்தனத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டிலிருந்து மார்த்தாண்டம் ஒரு மணி நேர பஸ் பயணம். நான் மார்த்தாண்டம் தேனைக் கைபேசியில் வாங்கினேன். "இன்னும் 2 மட்டுமே உள்ளன" என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. பதறிப்போய்ப் பணம் கட்டினேன். மறுநாள் பார்த்தாலும் அதே 2. ஆறு நாள் கழித்து ஒழுகிக்கொண்டே ஒரு பாட்டில் வந்தது. மார்த்தாண்டம் என்பது பெரிய எழுத்தில்; அடைத்த ஊர், நான் கேள்விப்படாத ஒரு வடநாட்டு ஊர், எறும்பு அளவு எழுத்தில்.

இருப்பு குறைவு என்று பொய்யாக அவசரப்படுத்துவதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்துவிட்டது. கூடையில் நாம் கேட்காத பொருளைச் செருகுவது, வேண்டாம் என்று சொல்பவரை வெட்கப்பட வைப்பது என மொத்தம் 13 தந்திரங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 2020ஆம் ஆண்டு இணைய வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நான் அந்த விதியைச் சுட்டி எழுதினேன். அதுவரை எனக்கு இயந்திரம்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஒரு மனிதர் பதில் எழுதினார். பத்தொன்பதாம் நாள் பணம் திரும்பியது.

திரும்பாமல் இருந்திருந்தால்? 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்றவர் இருக்கும் இடத்திலோ வழக்குக்குக் காரணம் எழுந்த இடத்திலோதான் வழக்குப் போட வேண்டியிருந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர வழி செய்தது. பெங்களூரில் இருக்கும் நிறுவனத்தை நம் நாகர்கோவிலுக்கே வரவழைக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எழுதிக்கொள்ளுங்கள், நான் நிறுத்திக்கொள்கிறேன்.

போன வாரம் அதே பலசரக்குக் கடைக்குப் போயிருந்தேன். அண்ணாச்சி இல்லை, மகன்தான் நடத்துகிறார். ஆணி இருக்கிறது, நோட்டைக் காணவில்லை. கணக்கெல்லாம் கைபேசியில் என்றார். "என் பக்கத்தைக் காட்டு தம்பி" என்றேன். உடனே கைபேசியை என் பக்கம் திருப்பினார். 68 ரூபாய் பாக்கி. கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.