ராய்ல் வீட்டு சோபா

வணக்கம் நேயர்களே. இரவுச் சாப்பாடு முடிந்து, வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒருவர் எதையோ கேட்பார், பதில் வராது. டிவி ஓடிக்கொண்டிருக்கும், யாரும் முழுசாகப் பார்க்கமாட்டார்கள். இதை மட்டுமே வைத்து ஒரு நகைச்சுவைத் தொடர் எடுத்தார்கள். 1998-ல் பிபிசி டூவில் தொடங்கிய ‘தி ராய்ல் ஃபேமிலி’.

மான்செஸ்டரில் ஒரு கவுன்சில் வீடு. கவுன்சில் வீடு என்றால் உள்ளாட்சி கட்டி, உழைக்கும் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுவது. வேலை இல்லாத அப்பா ஜிம், பேக்கரியில் வேலை பார்க்கும் அம்மா பார்பரா, மகள் டெனிஸ், டீ போடச் சொல்லி எல்லோரும் விரட்டும் மகன் ஆன்டனி. முதல் பகுதியிலேயே ஜிம் டெலிபோன் பில்லைப் பிடித்துக்கொண்டு சத்தம் போடுகிறார். பில் வந்த நாளில் சத்தம் கேட்காத வீடு உண்டா?

கிரெய்க் கேஷுடன் சேர்ந்து இதை எழுதியவர் கரோலின் ஆஹர்ன். டெனிஸாக நடித்ததும் அவர்தான். மான்செஸ்டரின் விதென்ஷா என்ற பெரிய கவுன்சில் குடியிருப்பில் வளர்ந்தவர். அந்தப் பேச்சை அவர் வெளியிலிருந்து தேடிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தொடரில் பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. அன்றைய பெரும்பாலான பிரிட்டிஷ் தொடர்களில் ஸ்டுடியோவில் ஆட்களை உட்காரவைத்து, அவர்கள் சிரிப்பதையும் சேர்த்தே பதிவு செய்வார்கள். எங்கே சிரிக்க வேண்டும் என்று நமக்கும் அது சொல்லிக்கொடுத்துவிடும். இங்கே அது இல்லை. முதல்முறை பார்த்தபோது ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. இரண்டாம் முறைதான் அந்த மௌனத்துக்குள் காது போனது. ஒருவர் பேசி முடித்ததும் நான்கு பேரும் டிவியையே பார்த்துக்கொண்டிருக்கும் சில விநாடிகள் இருக்கின்றனவே, அந்த இடத்தில் சிரிப்பொலி வைத்திருந்தால் ஏழை வீட்டை வேடிக்கை பார்க்கிற மாதிரி ஆகியிருக்கும். அது இல்லாததால் நாமும் அந்த சோபாவில் ஓரமாக இடம் பிடித்துக்கொள்கிறோம். திரும்பவும் சொல்கிறேன், சிரிப்பொலியை எடுத்தது அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்த மரியாதை.

அந்த மரியாதையை நான் முழுசாக உணர்ந்தது 1999 கிறிஸ்துமஸ் பகுதியில். டெனிஸுக்குப் பிரசவ நேரம். பனிக்குடம் உடைந்து, குளியலறைத் தரையில் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள். யாரைப் பார்த்தாலும் நக்கல் அடிக்கும் ஜிம் உள்ளே வந்து, பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து மகளை அணைத்துக்கொள்கிறார். பெரிய வசனம் ஒன்றும் இல்லை. மாறிமாறி அழுகிறார்கள், நடுவில் சிரிக்கிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும். பிள்ளைகளிடம் பாசத்தை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத அப்பாக்கள் எத்தனை பேர்! ஜிம் அங்கேயும் வாய்விட்டுச் சொல்லவில்லை, உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

நேரம் முடிகிறது என்று கைகாட்டுகிறார்கள். பாட்டி இறக்கும் 2006 சிறப்புப் பகுதியைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன், முடியவில்லை. ஜிம்மாக நடித்த ரிக்கி டாம்லின்சனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அவர் நிஜத்தில் சுவர் பூசும் தொழிலாளியாக இருந்தவர். 1972 கட்டடத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் மறியல் செய்ததற்காகச் சிறை சென்றவர். அந்தத் தண்டனையை நீதிமன்றம் ரத்து செய்தது 2021-ல்தான். நன்றி, வணக்கம்.