புக்கி: ஏட்டில் பிறந்த ஒரு சொல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கிரிக்கெட் சூதாட்டச் செய்தி வரும்போதெல்லாம் நம் நாளிதழ்களில் ஒரு சொல் தலைகாட்டும்: புக்கி. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் தென்னாப்பிரிக்க அணித்தலைவர் ஹான்சி குரோனியே மீது டெல்லி காவல்துறை குற்றம் சாட்டியபோது, விளையாட்டுப் பக்கம் படிக்காதவர்கள் வாயிலும் அந்தச் சொல் புழங்கியது. அதைத் தமிழில் ‘சூதாட்டத் தரகர்’ என்று எழுதுகிறார்கள். அந்தத் தமிழாக்கம் தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அந்தச் சொல் பிறந்த இடத்துக்கே உங்களை அழைத்துப்போனால், காரணம் தானே விளங்கும்.

புக் என்றால் புத்தகம். கணக்கு எழுதும் ஏட்டுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். இது நமக்குப் புதிதல்ல. தேவாரம் எழுதிய ஓலையும் ஏடுதான். செட்டியார் கடையில் பற்று வரவு எழுதுவதும் பேரேடுதான்.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குதிரைப் பந்தயம் பெரும்பாலும் சீமான்களின் பொழுதுபோக்கு. உன் குதிரையா, என் குதிரையா என்று இருவர் நேருக்கு நேர் பந்தயம் கட்டுவார்கள். கட்டியதைச் சட்டைப்பையிலிருக்கும் சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். அதுதான் பந்தய ஏடு. அப்போது எல்லோரிடமும் ஏடு இருந்தது. ஏட்டையே பிழைப்பாகக் கொண்டவர் இல்லை.

அந்த நூற்றாண்டின் முடிவில் ஒரு புதிய ஆள் மைதானத்துக்கு வருகிறார். அவர் எந்தக் குதிரையையும் நம்பிப் பணம் கட்டுவதில்லை. ஓடும் குதிரை ஒவ்வொன்றுக்கும் ஒரு விகிதம் சொல்லி, அதாவது அது வென்றால் கட்டிய பணத்துக்கு மேல் எத்தனை மடங்கு தருவார் என்று சொல்லி, வந்தவர் எல்லோரிடமும் பந்தயத்தை ஏற்கிறார். 1790களில் நியூமார்க்கெட் பந்தய மைதானத்தில் இதை முதலில் தொடங்கியவர் ஹாரி ஆக்டன் என்று பந்தய வரலாற்றில் சொல்லப்படுகிறது.

அவர் செய்தது என்ன? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சம பலமுள்ள நான்கு குதிரைகள் ஓடுகின்றன. நேர்மையான விகிதம் ஒன்றுக்கு மூன்று. அவர் ஒன்றுக்கு இரண்டரைதான் தருகிறார். ஒவ்வொரு குதிரை மீதும் 100 பவுண்டு விழுந்தால் அவர் கைக்கு வந்தது 400. எந்தக் குதிரை வென்றாலும், கட்டிய 100, அதற்கு மேல் 250, ஆக 350 பவுண்டு கொடுத்தால் போதும். 50 பவுண்டு அவரிடமே நிற்கும். ஒரே குதிரை மீது பணம் குவிந்தால் அதன் விகிதத்தைக் குறைப்பார், மற்றவற்றின் விகிதத்தை உயர்த்துவார்; ஏடு மறுபடியும் சமநிலைக்கு வரும். பந்தயம் கட்டுகிறவர் குதிரையைப் பார்க்கிறார். இவர் ஏட்டைப் பார்க்கிறார். ஆங்கிலத்தில் இந்த வேலைக்கு ‘புத்தகம் செய்தல்’ என்றே பெயர். அவர் செய்து முடிப்பது ஒரு கணக்கு. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தனக்கு மிச்சம் நிற்கும்படி அமைத்த கணக்கு.

அதனால்தான் ‘புக்மேக்கர்’. இந்தச் சொல்லுக்கு அதற்கு முன்பே ஒரு வாழ்வு இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் அது நூலை அச்சிடுகிறவரையும் கட்டுகிறவரையும் குறித்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பந்தய மைதானம் அதைத் தனதாக்கிக்கொண்டது. 1880களில் வாய்ச்சொல்லாகச் சுருங்கிப் ‘புக்கி’ ஆயிற்று. சீனிவாசன் சீனுவாகவும் கிருஷ்ணன் கிட்டுவாகவும் ஆவதுபோன்ற சுருக்கம் அது. உறவு இருக்கும் இடத்தில்தான் அப்படிச் சுருங்கும்.

அறிவுக்குரிய சொல் சூதுக்குப் போய்விட்டதே என்று வருந்த வேண்டாம். நம்மிடம் எதிர்த்திசையில் ஒன்று நடந்திருக்கிறது. வள்ளுவர் சூது அதிகாரத்தில் ‘கழகம்’ என்று சொல்வது சூதாடும் இடத்தை. இன்று பல்கலைக்கழகம் என்கிறோம். எனக்கு மிகவும் பிடித்த சொல் வரலாறுகளில் இதுவும் ஒன்று.

புக்கியோடு இங்கிலாந்தின் உழைக்கும் மக்களுக்கு உறவு எப்படி வந்தது? 1853ஆம் ஆண்டுச் சட்டம் ரொக்கத்துக்குப் பந்தயம் ஏற்கும் கடைகளைத் தடைசெய்தது. 1906இல் தெருவில் ஏற்பதும் குற்றமாயிற்று. ஆனால் மைதானத்துக்குப் போக வசதியுள்ளவரும், கடன் கணக்கு வைத்திருந்தவரும் தடையின்றிப் பந்தயம் கட்டலாம். பணக்காரனுக்கு விளையாட்டு, தொழிலாளிக்குக் குற்றம். இந்த அநீதி 50 ஆண்டுகளுக்கு மேல் நின்றது. தொழிற்சாலை வாசலிலும் மதுக்கடையிலும் புக்கியின் ஆட்கள் சீட்டு வாங்கினார்கள். பந்தயம் தொடங்கும் முன்பே வாங்கிய சீட்டுதான் என்று காட்டக் கடிகாரப் பூட்டு வைத்த பை ஒன்று இருந்தது. பூட்டிய நேரம் அதில் பதிவாகிவிடும். சட்டம் கைவிட்ட இடத்தில் நாணயத்துக்கு அந்தப் பைதான் சாட்சி. 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, 1961 மே மாதம் உரிமம் பெற்ற பந்தயக் கடைகள் திறந்தன.

ஆகவே இங்கிலாந்தில் இன்று புக்கி என்றால் கடைத்தெருவில் பலகை மாட்டிய வணிகர். அமெரிக்காவில் அதே சொல்லுக்குச் சட்டத்துக்குப் புறம்பானவர் என்ற வாடை உண்டு. 2018இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பல மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயத்துக்கு வழிதிறந்த பிறகும், உரிமம் பெற்ற நிறுவனத்தை ‘ஸ்போர்ட்ஸ்புக்’ என்றுதான் அழைக்கிறார்கள். ஆள் விலகினார், ஏடு விலகவில்லை. நமக்கோ இந்தச் சொல் கைது செய்தியோடுதான் பெரும்பாலும் வருகிறது.

இனி ‘தரகர்’ என்பதற்கு வருகிறேன். தரகர் இருவரைச் சேர்த்துவைத்துக் கூலி வாங்குகிறவர். மாடு கைமாறியதும் அவர் வேலை முடிந்தது. புக்கி யாரையும் யாரோடும் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு பந்தயத்திலும் எதிர்ப்பக்கம் நிற்பவர் அவரே. தோற்றால் கொடுக்க வேண்டியவரும் அவரே. ‘பந்தயக் கணக்கர்’ என்று எழுதிப் பாருங்கள் என்று பத்திரிகை நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சொல்லுக்குள் ஏடு இருக்கிறது.