நிண்டெண்டோ, சோனி: கையடக்கக் கருவிகளின் போட்டி

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரு கேள்வியும் கூடவே வந்துவிடும்: எந்தக் கேம் கருவி வாங்குவது? சிங்கப்பூரில் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சிம் லிம் சதுக்கத்தில் ஒரு கேம் கடையில் சில ஆண்டுகள் விற்பனையாளராக இருந்தவன் நான். அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, என் பதில் ஒன்றுதான். கருவியின் சக்தியைப் பிறகு பாருங்கள், முதலில் அதற்கு என்னென்ன கேம்கள் இருக்கின்றன என்று பாருங்கள். இந்தத் தொழிலின் விற்பனைக் கணக்கே அதற்குச் சாட்சி.

1989இல் ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோவின் கேம்பாய் என்ற கையடக்கக் கருவி வந்தது. பச்சை கலந்த திரை, வண்ணம் கிடையாது, திரைக்குப் பின்னால் வெளிச்சமும் கிடையாது. மறு ஆண்டே சேகா நிறுவனம் கேம் கியர் என்ற கருவியை வண்ணத் திரையோடு இறக்கியது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேம்பாய் பழைய சாமான் மாதிரிதான் தெரியும். ஆனால் கேம் கியர் ஆறு பேட்டரிகளை மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தின்றுவிடும். கேம்பாயோ நான்கே பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடும். அமெரிக்காவில் கேம்பாய் வாங்கியவர்களுக்குப் பெட்டிக்குள்ளேயே டெட்ரிஸ் கிடைத்தது. அப்பா, அம்மா, பாட்டி என்று யார் எடுத்தாலும் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும் விளையாட்டு அது. அப்புறம் 1996இல் ஜப்பானில் போக்கிமோன் வந்தது, போக்கிமோன் என்ற கற்பனை உயிரினங்களைப் பிடித்துச் சேர்க்கும் விளையாட்டு. எல்லாப் போக்கிமோன்களும் ஒரே பதிப்பில் கிடைக்காது. நண்பனின் கருவியோடு கம்பி போட்டு இணைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். ஆக, ஒரு பையன் வாங்கினால் அடுத்த பையனும் வாங்கியாக வேண்டும். கேம்பாயும் அதன் வண்ணப் பதிப்பும் சேர்ந்து விற்பனையில் 118 மில்லியனைத் தாண்டின. கேம் கியர் 10 மில்லியனுக்குச் சற்று மேல்தான்.

எனக்கு மிகவும் பிடித்த போட்டி 2004 டிசம்பரில் தொடங்கியது. ஜப்பானில் பத்து நாள் இடைவெளியில் நிண்டெண்டோ டிஎஸ்ஸும் சோனியின் பிஎஸ்பியும் கடைக்கு வந்தன. பிஎஸ்பியின் அகலத் திரையைப் பார்த்தவர்கள் அதை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்கள். படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் சோனியின் பிளேஸ்டேஷனுக்கு நெருங்கிய தரத்தில் கேம் ஆடலாம். டிஎஸ்ஸில் இரண்டு சின்னத் திரைகள், கீழ்த்திரையில் குச்சியால் தொட்டு விளையாட வேண்டும். வேடிக்கைக்காகச் செய்த பொருள் என்று பலர் அப்போது நினைத்தார்கள்.

கடையில் என்ன நடந்தது? இளைஞர்கள் நேராக பிஎஸ்பி இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குப் போவார்கள். அம்மாக்களோ, "தம்பி, பிள்ளையோட படிப்பு கெடாத மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நிண்டெண்டோவிடம் பதில் தயாராக இருந்தது. ஜப்பானின் தொஹோக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரியூத்தா கவாஷிமாவின் பெயரோடு 2005இல் வந்த மூளைப் பயிற்சி விளையாட்டு, அவசரமாகக் கூட்டல் கழித்தல் போடச் சொல்லும். அதே ஆண்டு வந்த நிண்டெண்டாக்ஸில் நாய்க்குட்டி வளர்க்கலாம். அடுக்குமாடி வீட்டில் நாய் வளர்க்க முடியாத பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய மகிழ்ச்சி! அதுவரை கேம் பக்கமே திரும்பாதவர்களை இந்த விளையாட்டுகள் கடைக்கு அழைத்து வந்தன. டிஎஸ் கடைசியில் 154 மில்லியன் விற்றது, பிஎஸ்பி 80 மில்லியன் அளவில் நின்றது.

பிஎஸ்பி தோற்றுப்போன கருவி என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அதற்கு மான்ஸ்டர் ஹன்டர் இருந்தது. நான்கு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, கம்பியில்லாமல் இணைந்து, ஒரு ராட்சத விலங்கை வேட்டையாடும் விளையாட்டு. 2010 டிசம்பரில் வந்த மூன்றாம் பாகம் ஜப்பானில் மட்டும் 4 மில்லியனுக்கு மேல் விற்றது. பிஎஸ்பியில் அதற்கு ஆங்கிலப் பதிப்பு வரவே இல்லை. இருந்தும், ஒரு வார்த்தை ஜப்பானிய மொழி தெரியாத நம்மூர்ப் பையன்கள் அதை வாங்கிப்போய், அடுக்குமாடி வீடுகளின் திறந்த கீழ்த்தளமான வாய்ட் டெக்கில் வட்டமாக உட்கார்ந்து ஆடினார்கள். பக்கத்தில் மூன்று நண்பர்கள் இருக்கிறார்கள் என்பதே வாங்கப் போதுமான காரணமாக இருந்தது.

அடுத்த சுற்றை அந்த ஒரு விளையாட்டு எப்படிப் புரட்டிப் போட்டது என்று பாருங்கள். 2011 பிப்ரவரியில் நிண்டெண்டோ 3டிஎஸ் வந்தது. கண்ணாடி போடாமலே முப்பரிமாணம் தெரியும். ஆனால் முதல் நாளில் நிண்டெண்டோவின் புகழ்பெற்ற மரியோ விளையாட்டு ஒன்றுகூட இல்லை. விற்பனை படுத்தது. ஆறே மாதத்தில் ஜப்பானில் 25,000 யென் விலையை 15,000ஆகக் குறைத்தார்கள். நிறுவனத் தலைவர் சடோரு இவாடா தன் சம்பளத்தையே பாதியாக்கிக்கொண்டார். அந்தச் செப்டம்பரில்தான் மான்ஸ்டர் ஹன்டரின் நான்காம் பாகம் 3டிஎஸ்ஸுக்கு வருகிறது என்ற அறிவிப்பு வெளியானது. சோனியின் புதிய வீட்டா அப்போது கடைக்கே வந்திருக்கவில்லை! டிசம்பரில் அது வந்தபோது 3டிஎஸ் பக்கம் புதிய மரியோவும் மரியோ கார்ட்டும் வரிசையில் நின்றன. வீட்டாவின் திரை அபாரம், கட்டைவிரலால் அசைக்கும் இரண்டு குச்சிக் கட்டுப்பாடுகளும் அருமை. ஆனால் அதற்கென்றே தனியாகச் செய்த மெமரி கார்டு அநியாய விலை. பெர்சோனா 4 கோல்டன் போன்ற அற்புதமான சில விளையாட்டுகள் இருந்தும், பெரிய பெயர்கள் போதவில்லை. 3டிஎஸ் ஏறக்குறைய 76 மில்லியனுக்குப் போனது. வீட்டாவுக்குப் பிறகு சோனி அந்த வரிசையைத் தொடரவே இல்லை. இன்னும் நல்ல காலம் கிடைத்திருக்க வேண்டிய கருவி அது.

சிங்கப்பூரில் வாங்குபவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. டிஎஸ் கேம்களையும் பிஎஸ்பி கேம்களையும் பெரும்பாலும் எந்த நாட்டில் வாங்கியும் ஆடலாம். 3டிஎஸ்ஸில் அது முடியாது. ஜப்பானியக் கருவியில் அமெரிக்க விளையாட்டு ஓடாது. விலை குறைவு என்று ஜப்பானியக் கருவியை வாங்கிப்போய், பிள்ளை ஆசையாகக் கேட்ட ஆங்கில விளையாட்டு ஓடவில்லை என்று திரும்பி வந்த பெற்றோர் முகம் எனக்கு நினைவிருக்கிறது. பழைய கருவி வாங்கும்போது இன்றும் இதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இன்று என் கவலை வேறு. 2023 மார்ச்சில் 3டிஎஸ்ஸின் இணையக் கடையில் விற்பனை நின்றது. அங்கே மட்டுமே விற்ற பல விளையாட்டுகளைப் புதிதாக யாரும் வாங்க முடியாது. வீட்டாவின் கடையையும் 2021இல் மூடப்போவதாக சோனி அறிவித்தது. விளையாடுகிறவர்கள் ஓயாமல் குரல் கொடுத்தார்கள், அடுத்த மாதமே சோனி அந்த முடிவைக் கைவிட்டது. வாடிக்கையாளர் பேசினால் நிறுவனம் கேட்கிறது, அதனால் பேசுங்கள். வீட்டு அலமாரியில் பழைய டிஎஸ்ஸோ பிஎஸ்பியோ கிடந்தால் பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போட வேண்டாம், புது பேட்டரி வாங்கலாம். கேம்களை மட்டும் ஈரம் படாத டப்பாவில் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.